பணியிடத்தில் நியாயமான ஏற்பாடு கோருதல்: மாற்றுத்திறனாளிப் பணியாளர்களுக்கும் பராமரிப்போருக்குமான வழிகாட்டி

விபத்து, பக்கவாதம், பார்வையிழப்பு, மனநோய் எனக் காரணம் எதுவாயினும், சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நிலையில் உள்ளவர் மருத்துவரிடம் கேட்கும் முக்கியமான கேள்விகளுள் ஒன்று, “இனி வேலைக்குப் போக முடியுமா?” என்பதாகும். இக்கேள்விக்கு உடல்நிலையை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. ஒரே அளவு குறைபாடு உள்ள இருவரில், தரைத்தளத்தில் அமர்ந்து பணிபுரிபவர் அடுத்த மாதமே வேலைக்குத் திரும்புகிறார். மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பணிபுரிபவர் வேலையை இழக்கிறார். இவ்விருவருக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பணியிடத்தில் செய்யப்படும் மாற்றங்களால் களைய முடியும். அம்மாற்றங்களைக் கோருவது சலுகை கேட்பதாகாது. சட்டம் வழங்கும் உரிமையாகும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இவ்வுரிமையை ‘ரீசனபிள் அகாமடேஷன்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. இப்பக்கத்தில் இது ‘நியாயமான ஏற்பாடு’ எனப்படும். மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமைகளை அனுபவிப்பதற்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களும் சீரமைப்புகளும் நியாயமான ஏற்பாடு ஆகும். இவை நிறுவனத்தின்மீது அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுவனவாக இருத்தல் கூடாது. இச்சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடே என்று இச்சட்டத்தின் 2-ஆம் பிரிவு வரையறுத்துள்ளது. விண்ணப்பம் எழுதும்போது இவ்வரையறையைக் குறிப்பிடுவது பயன் தரும்.

யாருக்கு இவ்வுரிமை உண்டு?

சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் இடம்பெற்றுள்ளன. கை கால் இயக்கக் குறைபாடு, பார்வையின்மை, குறைந்த பார்வை, செவித்திறன் குறைபாடு, பேச்சுக் குறைபாடு ஆகியவற்றைப் பலரும் அறிவர். தொழுநோயிலிருந்து குணமடைந்தோர், அமில வீச்சுக்கு உள்ளானோர், மனநோய் உடையோர், ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, தசைச் சிதைவு நோய், பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன என்பது பலருக்குத் தெரிவதில்லை.

குறைபாட்டின் அளவு 40 சதவீதத்திற்குக் குறைவாக இருந்தால் எதையும் கோர முடியாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. வேலைவாய்ப்பில் 4 சதவீத இடஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்கே 40 சதவீத வரம்பு பொருந்தும். எழுதும்போது கைத்தசைகள் இறுகிக்கொள்ளும் நோய் உடைய ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் உதவி எழுத்தர் கோரித் தொடுத்த வழக்கில், 40 சதவீத வரம்பை எட்டாதவருக்கும் நியாயமான ஏற்பாடு மறுக்கப்படலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது.

சான்றிதழில் உள்ள சதவீதம் பற்றி மற்றொரு விளக்கமும் தேவைப்படுகிறது. 50 சதவீதக் குறைபாடு என்றால் அவர் பாதி வேலையே செய்வார் என்று சில மேலாளர்கள் பொருள் கொள்கின்றனர். சில குடும்பத்தினரும் அவ்வாறே எண்ணுகின்றனர். அச்சதவீதம் உறுப்பின் அல்லது புலனின் இழப்பை மருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி கணக்கிட்ட அளவு மட்டுமே. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்த கணக்காளரின் கணக்குவேலையில் அதனால் ஒரு சதவீதக் குறைவும் ஏற்படுவதில்லை.

சிறுநீரகச் செயலிழப்பு, வலிப்பு நோய், முடக்குவாதம் போன்றவை அட்டவணையில் பெயர் சுட்டி இடம்பெறவில்லை. இவற்றால் மூட்டு இயக்கமோ பார்வையோ பாதிக்கப்பட்டிருந்தால் அந்தப் பாதிப்பின் அடிப்படையில் சான்றிதழ் பெறலாம். அவ்வாறு இல்லையெனில் சட்டப்படியான கோரிக்கையின் வலு குறையக்கூடும். ஆயினும் மருத்துவரின் பரிந்துரைக் கடிதத்துடன் நிறுவனத்தை அணுகுவதை அதன்பொருட்டுக் கைவிட வேண்டாம்.

எத்தகைய மாற்றங்களைக் கோரலாம்?

நியாயமான ஏற்பாடு என்றதும் சாய்தளமும் சக்கர நாற்காலியுமே பலர் நினைவுக்கு வருகின்றன. சாய்தளம் தேவைதான். ஒரு அடி உயரத்திற்கு 12 அடி நீளம் என்ற சரிவில் அது அமைய வேண்டும். அதைவிடச் செங்குத்தான சாய்தளத்தில் பிறர் தள்ளாமல் ஏறுவது கடினம், இறங்குவது ஆபத்து. எனினும் கோரக்கூடிய மாற்றங்களில் பல, கட்டடத்தை இடிக்கவோ பெருஞ்செலவு செய்யவோ தேவையற்றவை. வேலை நேரம், வேலை செய்யும் முறை, வேலை செய்யும் இடம், கருவி, தகவல் சொல்லப்படும் விதம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை மாற்றினாலே பலருக்குப் போதுமானது.

தண்டுவடக் காயம் அடைந்தவர்களைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் இவர்களின் பணியிடத் தேவை வெளியே தெரிவதில்லை. அவர்களும் கூச்சத்தால் சொல்வதில்லை. இவர்களுள் பலர் 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியவர்கள். அலுவலகத்தில் சக்கர நாற்காலி நுழையும் கழிப்பறை இல்லையெனில், காலை முதல் மாலை வரை தண்ணீர் அருந்தாமல் இருந்துவிடுகின்றனர். பெண்களிடம் இப்பழக்கம் மிகுதி. இதன் விளைவு சிறுநீர்த் தொற்று. அது தொடர்ந்தால் சிறுநீரகப் பாதிப்பு. எனவே உள்ளே தாழிடக்கூடிய, கைப்பிடி பொருத்திய, சுமார் 900 மில்லிமீட்டர் அகலக் கதவுள்ள கழிப்பறை இவர்களுக்கு உயிர்காக்கும் மருத்துவத் தேவையாகும். அவ்வாறே, உணர்ச்சியற்ற இடுப்புப் பகுதியில் அழுத்தப் புண் வராமல் இருக்க அரை மணிக்கு ஒருமுறையேனும் உடலைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். நீண்ட கூட்டங்களில் இதனைச் செய்வதைப் பிறர் ஒழுங்கீனமாகக் கருதாதிருக்க, இதுவும் ஏற்பாட்டில் எழுத்தாக இடம்பெறுவது நல்லது.

தொழுநோயிலிருந்து குணமடைந்தவருக்குக் கைகளில் சூடு தெரியாது. உணவகம், சலவைத் தொழிலகம், பட்டறை ஆகியவற்றில் பணிபுரிந்தால் வெப்பம் கடத்தாத கைப்பிடிகளும் கையுறையும் தேவை. பாதத்தில் உணர்ச்சியற்றோர் எம்.சி.ஆர். செருப்பை வேலைநேரத்திலும் அணிய அனுமதி வேண்டும். பல இடங்களில் சீருடைக் காலணி விதி இதற்குத் தடையாகிறது. நோய் குணமாகிவிட்டது, பிறருக்குப் பரவாது என்ற ஒரு வரியையும் மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

மனநோய்க்கு மருந்து உட்கொள்வோருள் சிலருக்குக் காலையில் மயக்கம் போன்ற தூக்கக் கலக்கம் இருக்கும். ஒரு மணி நேரம் தாமதமாக வந்து ஒரு மணி நேரம் தாமதமாகச் செல்ல அனுமதித்தாலே அவர்கள் வேலையில் நிலைத்துவிடுகின்றனர். இரவுப் பணி தூக்கத்தைக் குலைத்து, இருமுனைக் கோளாறு உடையோருக்கும் வலிப்பு நோயாளிகளுக்கும் நோயைத் தூண்டக்கூடும். இவர்களுக்கு இரவுப் பணியிலிருந்து விலக்குக் கோரலாம். வலிப்பு முழுமையாகக் கட்டுக்குள் வராதவரை, உயரத்திலோ பாதுகாப்புத் தடுப்பற்ற இயந்திரத்தின் அருகிலோ பணிபுரிவதைத் தவிர்க்க வேண்டும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உடையோருக்கு வெப்பம் கூடும்போது தளர்ச்சியும் பார்வை மங்கலும் மிகும். எனவே நம் ஊர்க் கோடையில் மின்விசிறிக்கு அருகிலோ குளிரூட்டப்பட்ட அறையிலோ இருக்கை கேட்பது சொகுசு ஆகாது. பார்க்கின்சன் நோயில் மருந்து வேலைசெய்யும் நேரமும் அதன் வீரியம் குறையும் நேரமும் மாறி மாறி வரும். மருந்து வேலைசெய்யும் நேரத்தில் கடினமான பணிகளை வைத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம்.

பார்வைக் குறைபாடு உடையோர் திரைவாசிப்பு மென்பொருளுடன் கூடிய கணினியைக் கோரலாம். என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும். எனவே ‘நிதியில்லை’ என்பது இதனை மறுக்கத் தக்க காரணமன்று. செவித்திறன் குறைந்தோருக்குத் தொழிற்சாலையில் அபாயச் சங்குடன் சுழல்விளக்கும் பொருத்தப்பட வேண்டும். வாய்மொழி உத்தரவுகளைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்பக் கேட்கலாம்.

கடைகளில் நாள்முழுதும் நின்று பணிபுரிவோருக்கு ஒரு செய்தி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி செய்து தருவது கட்டாயம். இளம்பிள்ளைவாதத்தால் ஒரு கால் சூம்பிய ஜவுளிக்கடைப் பணியாளர், மாற்றுத்திறனாளி என்ற சான்றைக் காட்டாமலேயே இருக்கை கேட்கலாம்.

மருத்துவரிடம் என்ன சான்று பெற வேண்டும்?

இப்பகுதியில் நோயாளிகளைவிட என்னைப் போன்ற மருத்துவர்களின் பிழையே அதிகம். சில ஆண்டுகளுக்கு முன், பக்கவாதத்திலிருந்து மீண்ட நூற்பாலைத் தொழிலாளி ஒருவருக்கு “இலகுவான பணி வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது” என்று எழுதிக் கொடுத்தேன். அன்று புறநோயாளிப் பிரிவில் கூட்டம் அதிகம். இரண்டு நிமிடத்தில் எழுதிய சான்று அது. “எங்களிடம் இலகுவான வேலை எதுவும் இல்லை, முழுவதும் குணமானபின் வரவும்” என்று ஆலையில் திருப்பி அனுப்பிவிட்டனர். மூன்று மாதம் ஊதியமின்றி வீட்டிலிருந்தபின் அவர் மீண்டும் வந்தார். அப்போதுதான் அவர் செய்யும் வேலை என்னவென்று கேட்டேன். நடந்துகொண்டே அறுந்த நூலை இரு கைகளாலும் இணைக்கும் வேலை. “வலக்கையால் நுண்ணிய வேலைகள் செய்ய இயலாது, இடக்கை இயல்பாக உள்ளது. தொடர்ந்து 20 நிமிடங்களுக்கு மேல் நிற்கலாகாது. அமர்ந்து 8 மணி நேரம் பணிபுரியலாம். 5 கிலோ எடைக்கு மேல் தூக்கலாகாது. எழுத்தும் கணக்கும் பாதிக்கப்படவில்லை” என்று இரண்டாம் சான்று எழுதினேன். அதே ஆலை, நூற்கோன்களை எடைபோட்டுக் கணக்கெழுதும் இடத்தில் அவரை அமர்த்தியது. ஆலையில் அந்த வேலை முன்பும் இருந்தது. என் முதல் சான்றில் அதற்கு வழிகாட்டும் சொல் எதுவும் இல்லை.

எனவே உங்கள் மருத்துவரிடம் நோயின் பெயரைவிட, செய்ய இயன்றவற்றையும் இயலாதவற்றையும் அளவுடன் எழுதித் தருமாறு கேளுங்கள். எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், எத்தனை கிலோ தூக்கலாம், எத்தனை படி ஏறலாம், எவ்வளவு நேரத்திற்கு ஒருமுறை ஓய்வு தேவை, மாதத்தில் எத்தனை நாள் சிகிச்சைக்கு வர வேண்டும் என்பவை எண்ணாக எழுதப்பட வேண்டும். இக்கட்டுப்பாடுகள் நிலையானவையா, ஆறு மாதத்திற்கு மட்டுமா என்பதும் இடம்பெற வேண்டும். பணித்தகுதிச் சான்று கேட்கப்பட்டால், ‘தகுதி’, ‘தகுதியின்மை’ என்ற இரண்டு மட்டுமே உள்ளன என்று எண்ண வேண்டாம். ‘பின்வரும் ஏற்பாடுகளுடன் பணிக்குத் தகுதியானவர்’ என்று எழுதுவது முறையானதே.

மருத்துவர் உங்கள் வேலையைப் பார்த்தவரல்லர். வேலை நேரம், நிற்கும் நேரம், கையாளும் இயந்திரம், கழிப்பறைக்கான தூரம், வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழி ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். பணியிடத்தைக் கைப்பேசியில் படம்பிடிக்க அனுமதி கிடைத்தால் இரண்டு படங்கள் போதும்; பத்து நிமிட விளக்கத்தை அவை மிச்சப்படுத்தும். உடன் வருபவர் வீட்டில் கவனித்தவற்றையும் சொல்லலாம். மாலையில் கால் வீங்குகிறது, இரவில் கை நடுக்கம் கூடுகிறது என்பன போன்ற தகவல்களை நோயாளி பெரும்பாலும் மறைத்துவிடுவார்.

நோயின் பெயரை மேலாளரிடம் தெரிவிக்க வேண்டுமா என்பது அடிக்கடி எழும் ஐயம். உடனடி மேலாளருக்குத் தேவையானது, எந்த ஏற்பாடு தேவை என்ற செய்தியே. நோய் விவரம் அடங்கிய சான்றை மனிதவளப் பிரிவிலோ நிர்வாகப் பிரிவிலோ மூடிய உறையில் அளித்து, இரகசியமாக வைக்கக் கேட்கலாம். மனநோயைப் பொறுத்தவரை, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியக் காப்பு உரிமையைத் தெளிவாகவே கூறுகிறது. நிறுவனத்திலிருந்து தொலைபேசியில் யார் கேட்டாலும், உங்கள் ஒப்புதல் இன்றி மருத்துவர் எதையும் சொல்லலாகாது.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் இதுவரை பெறாதவர்கள், ஸ்வாவ்லம்பன் இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். இணையத்தில் இயலாதோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். அட்டை கைக்கு வரும்வரை கோரிக்கையை ஒத்திவைக்க வேண்டாம். மருத்துவரின் சான்றுடன் விண்ணப்பத்தை அளித்துவிட்டு, அட்டை வந்தபின் நகலைச் சேர்க்கலாம்.

விண்ணப்பம் எழுதும் முறை

முதலில் மேலாளரிடம் வாய்மொழியாகப் பேசுவதில் தவறில்லை. பல ஏற்பாடுகள் அவ்வளவிலேயே முடிந்துவிடும். ஆனால் மேலாளர் மாறினால் வாய்மொழி ஏற்பாடும் மறைந்துவிடும். ஆகவே பேசி முடிந்ததும் எழுத்தில் அளித்துவிடுங்கள். விண்ணப்பம் ஒரு பக்கத்திற்குள் இருக்கட்டும். துயரத்தை விவரிப்பதைக் குறைத்து, தேவையைத் தெளிவாகக் கூறுங்கள். கீழே உள்ள மாதிரியை உங்கள் நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

அனுப்புநர்: (பெயர், பதவி, பணியாளர் எண், பிரிவு)
பெறுநர்: (நிறுவனத் தலைவர் அல்லது மனிதவளப் பிரிவு மேலாளர்)
பொருள்: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன்படி பணியிடத்தில் நியாயமான ஏற்பாடு கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,
வணக்கம். நான் தங்கள் நிறுவனத்தில் ____ ஆண்டு முதல் ____ ஆகப் பணிபுரிந்து வருகிறேன். எனக்கு ____ குறைபாடு உள்ளது. இதனால் என் பணியில் ____ செய்வதில் இடர்ப்பாடு ஏற்படுகிறது. பணியின் பிற பகுதிகளை வழக்கம்போல் நிறைவேற்ற இயலும். மருத்துவரின் பரிந்துரைப்படி எனக்குத் தேவைப்படும் ஏற்பாடுகள்: ____. இவற்றுக்கு மாற்றாக வேறு ஏற்பாடு இருப்பின் அது குறித்துக் கலந்துபேச அணியமாக உள்ளேன். மருத்துவச் சான்றின் நகல் இணைக்கப்பட்டுள்ளது. அதனை இரகசியமாக வைக்க வேண்டுகிறேன். தங்கள் முடிவை ____ தேதிக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
(கையொப்பம், தேதி)

நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் முத்திரையும் தேதியும் பெறுங்கள். பெற மறுத்தால் ஒப்புகையுடன் அஞ்சலில் அனுப்பி, அச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள், மின்னஞ்சலும் ஏற்கத்தக்கதே. பிற்காலத்தில் முறையிட நேர்ந்தால், கோரிய தேதியை மெய்ப்பிக்கும் இந்த ஒரு தாளே வழக்கைத் தாங்கும்.

ஏற்பாட்டுக்கான செலவைப் பணியாளர் ஏற்க வேண்டியதில்லை. முழுச் செலவையோ ஒரு பகுதியையோ அவரிடம் பெறக் கட்டாயப்படுத்தலாகாது என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு விதிகளில் 3-ஆம் விதி கூறுகிறது. நாற்காலியின் விலையை ஊதியத்தில் பிடித்தம் செய்வதாகச் சொன்னால் இவ்விதியைச் சுட்டிக்காட்டுங்கள். மறுபுறம், பத்துப் பேர் பணிபுரியும் சிறு அச்சகத்திடம் மின்தூக்கி அமைக்கக் கோருவது மிகையான சுமை எனக் கருதப்படலாம். உங்கள் இயந்திரத்தைத் தரைத்தளத்துக்கு மாற்றக் கோருவது அவ்வாறு கருதப்படாது. கோரும்போதே இத்தகைய இரண்டாம் வழியையும் சிந்தித்து வைத்திருங்கள்.

அரசுப் பணியிலிருக்கும்போது குறைபாடு ஏற்பட்டால்

இப்பகுதியைப் பராமரிப்போர் அவசியம் படிக்க வேண்டும். விபத்துக்கோ நோய்க்கோ பிந்தைய முதல் வாரங்களில், “இனி அவரால் முடியாது” என்ற எண்ணத்தில் குடும்பத்தினரே பணிவிலகல் கடிதத்திலோ விருப்ப ஓய்வு விண்ணப்பத்திலோ கையொப்பம் வாங்கித் தந்துவிடுகின்றனர். சில அலுவலகங்களில் அவ்வாறு அறிவுரையும் கூறப்படுகிறது. அவசரப்பட வேண்டாம். சட்டத்தின் 20-ஆம் பிரிவின்படி, பணிக்காலத்தில் குறைபாட்டுக்கு உள்ளான அரசுப் பணியாளரைப் பணிநீக்கம் செய்யவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது. முந்தைய பணியைச் செய்ய இயலாவிடில், அதே ஊதிய விகிதமும் பணிப்பயன்களும் உள்ள வேறு பணிக்கு மாற்ற வேண்டும். அத்தகைய பணியிடம் இல்லையெனில், அது கிடைக்கும்வரை அல்லது ஓய்வுபெறும் வயது வரை, இவற்றுள் எது முந்தையதோ அதுவரை, கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும்.

அரசுத் துறைகள் மட்டுமின்றி, அரசுக்குச் சொந்தமான கழகங்களும் அரசு உதவிபெறும் அமைப்புகளும் இதில் அடங்கும். காலை இழந்த ஓட்டுநருக்கும் பார்வை மங்கிய களப்பணியாளருக்கும் இது பொருந்தும். போரிடும் படைப்பிரிவுகள் போன்ற சில பணியிடங்களுக்கு அரசாணை வழியே விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. இப்பாதுகாப்பு புதியதன்று, 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலேயே இருந்தது. பணியின்போது காயமுற்றுக் கால் அகற்றப்பட்ட காவலர் ஒருவர் தொடுத்த குணால் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2003-இல் இதனை உறுதிசெய்தது. 2021 டிசம்பரில், மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படை அலுவலர் ஒருவரின் வழக்கில், மனநலக் குறைபாடு உடையவர் மீது அதன் விளைவான நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை தொடங்குவதும் மறைமுகப் பாகுபாடு ஆகலாம் என்று அதே நீதிமன்றம் கூறியது. மனச்சிதைவு நோயின் தீவிரக் கட்டத்தில் பல நாள் பணிக்கு வராத ஒருவருக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்திருந்தால், நோயாளி பதில் எழுதும் நிலையில் இல்லாதபோதும் குடும்பத்தினர் அதைப் பெட்டியில் வைத்துவிடாமல் சிகிச்சைச் சான்றுடன் உடனே பதிலளிக்க வேண்டும்.

தனியார் நிறுவனங்களில்

20-ஆம் பிரிவின் மேற்கண்ட பாதுகாப்பு அரசு நிறுவனங்களுக்கே உரியது என்பதை மறைக்காமல் கூற வேண்டும். தனியார் நிறுவனங்களுக்கு வேறு கடமைகள் உள்ளன. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதனை ஆணையரிடம் பதிவுசெய்ய வேண்டும் என்று 21-ஆம் பிரிவு கூறுகிறது. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் தனியார் நிறுவனத்தின் கொள்கையில் உதவிக் கருவிகள், தடையற்ற அணுகல், சிறப்பு விடுப்பு, தொடர்பு அலுவலர் நியமனம் ஆகியவை இடம்பெற வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அக்கொள்கையின் நகலைக் கேளுங்கள். அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதை மறுப்பது எந்த நிறுவனத்துக்கும் எளிதன்று. கொள்கையே இல்லையெனில், அக்குறை உங்கள் முறையீட்டுக்கு வலுச் சேர்க்கும்.

மறுத்தால் எங்கு முறையிடலாம்?

மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அரசு நிறுவனமாயின் அங்குள்ள குறைதீர் அலுவலரிடம் முறையிடலாம். பதிவுசெய்யப்பட்ட முறையீட்டை அவர் இரண்டு வாரத்திற்குள் விசாரிக்க வேண்டும். அதில் நிறைவில்லையெனில் மாவட்ட அளவிலான குழுவை அணுகலாம். தனியார் நிறுவனமாயின் முதலில் நிறுவனத் தலைவருக்கு எழுதுங்கள். நடவடிக்கை எடுப்பது, அல்லது அம்மறுப்பு எவ்வாறு நியாயமானது என எழுத்தில் விளக்குவது, இவ்விரண்டில் ஒன்றை அவர் செய்தாக வேண்டும்.

அடுத்த நிலை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். மத்திய அரசு நிறுவனமாயின் புதுதில்லியில் உள்ள தலைமை ஆணையர். சாட்சிகளையும் ஆவணங்களையும் வரவழைக்க இவர்களுக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. ஆணையரின் பரிந்துரை மீது எடுத்த நடவடிக்கையை நிறுவனம் மூன்று மாதத்திற்குள் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிடில் காரணம் கூற வேண்டும். சட்டத்தை மீறுவோருக்கு முதல்முறை ரூ.10,000 வரையும், மீண்டும் மீறினால் ரூ.50,000 முதல் ரூ.5 லட்சம் வரையும் அபராதம் விதிக்க 89-ஆம் பிரிவு இடமளிக்கிறது. வழக்கறிஞர் செலவை எண்ணித் தயங்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ, 15100 என்ற எண்ணிலோ அணுகலாம்.

பராமரிப்போருக்கு

நியாயமான ஏற்பாடு என்னும் உரிமை குறைபாடு உடைய பணியாளருக்கு உரியது. மாற்றுத்திறனாளியான குழந்தையையோ பெற்றோரையோ பராமரிக்கும் பணியாளருக்கு இச்சட்டம் அதே உரிமையை நேரடியாக வழங்கவில்லை. ஆயினும் மத்திய அரசுப் பணியாளர்களுக்கு, மாற்றுத்திறனாளிக் குடும்ப உறுப்பினரின் முதன்மைப் பராமரிப்பாளர் என்ற அடிப்படையில் வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்குக் கோர 2014-ஆம் ஆண்டு முதல் வழிவகை உள்ளது. தனியார் துறையில் பணிபுரிவோர், சிகிச்சை நாள்களின் அட்டவணையை மருத்துவமனையிலிருந்து எழுத்தில் பெற்று, பணிமுறை மாற்றத்துக்கு வேண்டுகோள் விடுக்கலாம். இயன்முறைச் சிகிச்சைக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் நேரம் குறிக்கும்போது உங்கள் வேலை நேரத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். காலை 8 மணிக்கோ மாலையிலோ மாற்றித் தர இயன்ற இடங்களில் மாற்றித் தருவோம்.

ஏற்பாடு கிடைத்தபின் முதல் மூன்று மாதத்தில் ஒருமுறையேனும் மருத்துவரைச் சந்தியுங்கள். நாற்காலியின் உயரம் சரியில்லாமல் தோள்வலி வரலாம். இரண்டு ஓய்வு இடைவேளைகள் போதாமல் மூன்று தேவைப்படலாம். சிலருக்கு, முதலில் கேட்ட கட்டுப்பாடுகளில் ஒன்று இனித் தேவையில்லை என்ற நிலையும் வரும். அப்போது பழைய சான்றையும் உடன் எடுத்து வாருங்கள். அதனை ஒட்டியே புதிய சான்று எழுதப்படும்.